எண்ணப்படாத விபத்து மீண்டும் நிகழும்

ஆர்ஜொந்தெய் நகரை ஒட்டி ஓடும் சென் நதி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே படகோட்டத்துக்குப் பெயர் பெற்றது. ஓவியர் குளோத் மொனே தீட்டிய பாய்மரப் படகுகள் பல இக்கரையில் நின்றவையே. இன்று இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் தாயகம் செல்லும்போது, குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பயணிக்கின்றன. பிள்ளைகளின் கடவுச்சீட்டையும் தடுப்பூசியையும் பலமுறை சரிபார்க்கும் பெற்றோர், அப்படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்பதில்லை.

கேட்கவேண்டிய கேள்வி அதுவே. 2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டுவந்த வேளையில் மாற்று வழியாக ஓடிய படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர்.

கேரளத்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2002இல் குமரகத்தில் 29 பேரும், 2009இல் தேக்கடியில் 45 பேரும், 2023இல் தானூரில் 22 பேரும் படகு விபத்துகளில் உயிரிழந்தனர். தேக்கடியில் இறந்தோருள் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் இருந்தனர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னரும் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயினும் குமரகத்தில் காணப்பட்ட மிகையான பயணிகள் சுமையே இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின் தானூரிலும் காணப்பட்டது. தேக்கடியிலும் தானூரிலும் கவிழ்ந்தவை ஈரடுக்குப் படகுகள். மேல்தளத்தில் ஆட்கள் கூடக்கூடப் படகின் ஈர்ப்புமையம் உயரும். அவர்கள் ஒரு பக்கம் நகர்ந்தால் படகு சரியும். இது விதியன்று, இயற்பியல்.

விபத்தை விதியின் கணக்கில் எழுதாமல் ஏட்டில் எழுதிய நாடுகள் பயன் கண்டுள்ளன. அமெரிக்கக் கடலோரக் காவற்படை ஆண்டுதோறும் உல்லாசப் படகு விபத்துகளின் புள்ளிவிவரத்தை வெளியிடுகிறது. 2023இல் 564 பேர் இறந்தனர். நீரில் மூழ்கியோருள், விவரம் தெரிந்தவர்களில் 100க்கு 87 பேர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. எங்கே கவனம் செலுத்தவேண்டும் என்பதை இந்த ஓர் எண்ணே காட்டிவிடுகிறது. பிரான்சிலும் 2015 முதல் ஒரு தேசியக் கண்காணிப்பு அமைப்பு, கடல்மீட்பு நிலையங்களின் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து வருகிறது.

புலம்பெயர் இளையோர் பலர் கணினித் துறையிலும் தரவு ஆய்விலும் கற்றுத் தேர்ந்தவர்கள். வடகிழக்கு நீர்நிலைகளில் நடந்த விபத்துகளைப் பழைய செய்தித்தாள்களிலிருந்து தொகுப்பது அவர்களுக்கு அரிய செயலன்று. நாள், இடம், படகின் வகை, ஏற்றக்கூடிய அளவு, ஏறியோர் தொகை, அங்கி இருந்ததா, அணிந்திருந்தனரா, காலநிலை என எட்டு நிரல்கள் போதும். கரை தவறிய சிறு நிகழ்வுகளும் அதில் இடம்பெறவேண்டும். பெருவிபத்தின் முன்னறிவிப்பு அவற்றிலேதான் உள்ளது. தொகுத்ததைத் தீவக மக்கள் மன்றங்களிடமும் பிரதேச சபைகளிடமும் ஒப்படைத்தால், கோரிக்கைக்குச் சான்று பிறக்கும்.

பெற்றோரின் பங்கு அதைவிட எளிது. படகின் அளவு என்ன, அங்கி எங்கே, பிள்ளைக்குப் பொருந்துமா என்று இறங்குதுறையில் கேட்கவேண்டும். விடை இல்லையேல் அடுத்த படகுக்குக் காத்திருக்கவேண்டும். ஒரு மணிநேரத் தாமதத்தால் எவரும் இறந்ததில்லை.