கடலோரக் கட்டடங்களில் கம்பியைக் காப்பது: எங்கள் நிலைப்பாடு

கடற்கரையோரம் வீடு கட்டுகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "பூச்சுப் பூசிய கம்பி போட்டால் துருப்பிடிக்காதுதானே?" பொறியாளர்களும் மேஸ்திரிகளும் கம்பி கட்டுபவர்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் பதில்: கம்பிக்கு முதல் காவல் அதைச் சுற்றியுள்ள நல்ல கான்கிரீட். பூச்சு அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது.

கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உண்டாக்கி அதைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். அதன்பின் ஈரமும் காற்றும் இருந்தால் போதும், துரு வளரும். தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொள்வதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் எபாக்சி பூசிய கம்பியால் கட்டிய லாங் கீ பாலத்தில், சில ஆண்டுகளிலேயே, 1986இல், அலை தெறிக்கும் பகுதியில் துரு கண்டறியப்பட்டது. கம்பியை இறக்கும்போதும் வளைக்கும்போதும் பூச்சில் விழும் கீறல் உப்புக்கு வாசலாகிவிடும். மெக்சிகோவின் புரோகிரெசோவில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு 1940களின் தொடக்கத்தில் கட்டி முடித்த கடல்துறை மேடை இன்றும் நிற்கிறது. பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் அந்தக் கம்பிக்கு ஆகும் கூடுதல் செலவு தகும். கடன் வாங்கிக் கட்டும் மீனவர் வீட்டுக்கு அது எட்டாது. அந்த வீட்டைக் காக்கும் வழிகளையே இங்கே வலியுறுத்துகிறோம்.

1. கவர்: இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000 விதிப்படி, கடுமையான சூழலில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ., கடல்நீர் தெறிக்கும் இடத்தில் 50 மி.மீ., அலை ஏறி இறங்கும் இடத்தில் 75 மி.மீ. கான்கிரீட் வேண்டும். கவர் பாதியானால் உப்பு கம்பியை எட்டும் காலம் ஏறத்தாழ கால் பங்காகிவிடும். ஜல்லித் துண்டை முட்டுக்கொடுப்பதை நிறுத்தி, சரியான அளவில் கவர் பிளாக் வைக்க வேண்டும்.

2. தண்ணீரும் மணலும்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்பேறிய கிணற்று நீரையும் கழுவாத கடல் மணலையும் எதிர்க்கிறோம். கலக்கும்போதே உள்ளே போகும் உப்பை எந்தக் கவரும் தடுக்காது.

3. க்யூரிங்: அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட் உப்பின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் அதை ஆதரிக்கிறோம். ஆனால் அதற்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காய விடக் கூடாது.

4. பழுது: பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பி மறைப்பது பழுதுபார்ப்பு ஆகாது. ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி உப்பேறிய பகுதியில் துரு இன்னும் வேகமாகக் கிளம்பும். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை வெட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாகப் போட வேண்டும். எல்லாவற்றையும் வெட்ட முடியாத இடத்தில், தான் கரைந்து கம்பியைக் காக்கும் துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தலாம்.

கடலோர ஊர்களில் கான்கிரீட் போடுவதற்கு முன் கவரை அளந்து, தண்ணீர்ச் சோதனை முடிவோடு சேர்த்து எழுதிக் கையெழுத்திடுவதைக் கட்டாயமாக்குமாறு அரசையும் உள்ளாட்சிகளையும் கேட்கிறோம். ஒப்பந்தத்தில் கவர் பிளாக்குக்கும் க்யூரிங்குக்கும் தனித்தனியே தொகை ஒதுக்க வேண்டும். எங்கள் உறுப்பினர்கள் இதை இன்றே தொடங்குகிறார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு குறைந்துபோன கவரை எளிதில் கூட்ட முடியாது. சென்ட்ரிங் மேல் கம்பி தெரியும் அந்த ஒரு நாளில் அளக்கச் சில நிமிடமே ஆகும்.