பூட்டை மாற்றுவது சட்டமாகாது

வாடகை கொடாத குடியிருப்பாளரை வீட்டினின்றும் வெளியேற்ற உரிமையாளருக்கு உரிமை உண்டா? உண்டு. அதில் எவருக்கும் ஐயம் வேண்டியதில்லை. ஆனால் அவ்வுரிமையை எந்த வழியாற் செலுத்துவது என்பதே கேள்வி. இதற்கு விடை அறியாமையால் நம்மவருட் பலர் ஒன்றில் ஆண்டுக்கணக்காக வாய்மூடியிருந்து இழப்பைச் சகிக்கின்றனர். அன்றேல் ஒருநாட் பொறுமையிழந்து கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, தட்டுமுட்டுச் சாமான்களை ஒழுங்கையிலே எறிந்துவிட்டு, மறுவாரம் தாமே எதிராளியாக நீதிமன்றப் படியேறுகின்றனர். முன்னையது பேதைமை; பின்னையது பெரும் பேதைமை.

வீட்டுக்காரர் என்றவுடன் மாடமாளிகை கட்டி வாழும் செல்வரை நினைப்பது வழக்கம். நம் ஊர்களில் உள்ள நிலை அதுவன்று. ஓய்வூதியத்துடன் காலந்தள்ளும் ஆசிரியர், கணவனை இழந்து சீதன வீடொன்றை மட்டும் நம்பியிருக்கும் பெண், கனடாவிலோ இலண்டனிலோ உழைத்து ஊரில் ஒரு வீடு கட்டிய மகன், இத்தகையோரே பெரும்பாலும் வீட்டுக்காரர். வாடகை வராத மாதம் இவர்களுக்கு மருந்து வாங்க முடியாத மாதமாகும். குடியிருப்பாளரும் எப்போதும் வஞ்சகரல்லர். வேலை போனவர், நோயிற் கிடந்தவர், விளைச்சல் பொய்த்தவர் அவர்களுள்ளும் உளர். இரு பக்கத்தும் எளியோர் நிற்கும் வழக்கு இது. ஆதலால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதுவது நீதியாகாது.

முதலில் செய்யத்தகாததைச் சொல்வோம். வீடு தமதே ஆயினும், நீதிமன்றக் கட்டளையின்றிக் குடியிருப்பாளரை வெளியே தள்ள எவருக்கும் அதிகாரமில்லை. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் இதற்கு வலுவானதோர் ஏற்பாட்டைச் செய்திருக்கின்றது. காணி அல்லது வீடு பற்றிய பிணக்கு அமைதிக் குலைவை உண்டாக்கக்கூடியதாக நீதிமன்றத்தின் முன் வருமிடத்து, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக உடைமை பறிக்கப்பட்டவரை நீதிமன்றம் மீண்டும் குடியமர்த்தலாம். வீடு யாருடையது என்பதை அந்த விசாரணை தீர்ப்பதில்லை. யார் இருந்தார், யார் துரத்தினார் என்பதையே நோக்கும். ஆகவே வாடகை பாக்கி வைத்தவர் திரும்ப உள்ளே இருப்பார். வாடகை கேட்டவர் வெளியே நிற்பார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் முன்னோர் சொன்னது வீணன்று. இதற்கு முன்னரே, 1970ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளரைத் தொல்லைகளினின்றும் காக்கவென்றே இயற்றப்பட்டது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இனிச் செய்யத்தக்கது யாது? வீட்டுக்காரர் முதலில் அறியவேண்டியது தமது வாடகை உறவு எத்தகையது என்பதாகும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குரிய குத்தகை நொத்தாரிசின் முன் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நம்மூரில் வாய்ப்பேச்சாக விடப்படும் வீடுகள் பெரும்பாலும் மாத வாடகையே. இரண்டு வருடத்துக்கு என்று வெறுங் கடதாசியில் எழுதி முத்திரையின்மேற் கையொப்பமிட்டு வைத்திருப்போர், அது குத்தகை உறுதி என்று நம்பியிருத்தல் தவறு. ஒற்றிக்குக் கொடுத்த வீட்டையும் இதனோடு குழப்பலாகாது. ஒற்றிக்காரர் கொடுத்த கடனின் வட்டிக்கு ஈடாக வீட்டை அனுபவிப்பவர். அவரை வாடகை பாக்கி என்று எழுப்ப முடியாது, ஒற்றிப் பணத்தைக் கொடுத்தே மீட்டல் வேண்டும்.

மாத வாடகையாயின், பொதுச் சட்டப்படி ஒரு முழு மாத அறிவித்தல் கொடுத்து, அந்த மாத முடிவோடு வாடகை உறவை முடிவுறுத்தலாம். மாத நடுவில் தொடங்கி மறுமாத நடுவில் முடியும் அறிவித்தல் வழக்கைக் கெடுத்துவிடும். அறிவித்தல் எழுத்தில் இருத்தல் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பற்றுச்சீட்டையும் பிரதியையும் பேணுதல் வேண்டும். அறிவித்தல் கொடுத்த பின்னரும் முன்போல ‘வாடகை’ என்று எழுதிப் பணம் பெறுவாராயின், உறவு தொடர்கின்றது என்ற வாதத்துக்கு அவரே இடங்கொடுத்தவராவர். வீட்டைப் பயன்படுத்தியதற்கான நட்டஈடு என்றும், தமது உரிமைக்குப் பாதகமின்றி என்றும் எழுதியே பெறுதல் வேண்டும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட பழைய வீடுகளின் நிலை வேறு. நியம வாடகை மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத வீட்டில் மூன்று மாதம், அதற்கு மேற்பட்ட வீட்டில் ஒரு மாதம் பாக்கி நின்றாலே பாக்கி என்ற காரணத்தால் வழக்குத் தொடுக்கலாம் என்று அச்சட்டம் வகுத்தது. முதல் தடவை பாக்கி வைத்தவருக்கு மூன்று மாத அறிவித்தல், இரண்டாந் தடவை இரண்டு மாதம், அதன்பின் ஒரு மாதம் என்று படியும் வைத்தது. அதுமட்டுமன்று. வழக்குத் தொடுக்குமுன், அல்லது அழைப்பாணையிற் குறித்த திகதிக்குள், குடியிருப்பாளர் பாக்கி முழுவதையும் கொடுக்க முன்வந்தால் வழக்கு நடவாது. நோய், வேலையின்மை முதலிய தக்க காரணத்தாற் பாக்கி நேர்ந்ததாயின், தவணைமுறையிற் கட்ட நீதிமன்றம் இடமளிக்கலாம். நூறு ரூபா என்ற கணக்கு இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும் மூதாதையர் காலந்தொட்டு ஒரே குடும்பம் குடியிருக்கும் கடைத்தெரு வீடுகளுக்கு இவ்விதிகளே வழக்கின் உயிர்நாடி. தமது வீடு இச்சட்டத்துக்கு உட்பட்டதா, விலக்களிக்கப்பட்டதா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்தே அறிவித்தல் எழுதுதல் வேண்டும். அறிவித்தல் பிழைத்தால் வழக்கும் பிழைக்கும்.

அறிவித்தற் காலம் முடிந்தும் எழும்பாதவரை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட்டு வெளியேற்றலாம். வெளியேற்றம், நின்ற பாக்கி, வெளியேறும்வரை நட்டஈடு ஆகிய மூன்றையும் ஒரே வழக்கிற் கேட்கலாம். சிறு தொகைப் பாக்கியை மட்டும் அறவிடுவதாயின், சட்டம் குறித்த தொகைக்குட்பட்ட பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லவேண்டும். எழுத்தில்லா வாடகையைக் கேட்கும் வழக்கு மூன்று ஆண்டுக்குள் தொடுக்கப்படவேண்டும். பத்து ஆண்டுப் பாக்கியைக் கணக்கிட்டு வைத்திருந்து பயனில்லை. ‘வீடு உம்முடையதென்று எப்படி நம்புவது?’ என்று குடியிருப்பாளர் கேட்கவும் முடியாது. எவரிடமிருந்து வீட்டை வாடகைக்குப் பெற்றாரோ அவரது உரித்தைக் குடியிருப்பாளர் மறுத்தலை 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 116ஆம் பிரிவில் தடுக்கின்றது. தீர்ப்புப் பெற்றபின்பும் உரிமையாளர் தாமே கதவை உடைக்கலாகாது. நீதிமன்றத்தின் எழுத்தாணையைப் பிஸ்காலே நிறைவேற்றுவார்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர் இன்னொரு அச்சத்தால் வாடுகின்றனர். ‘பத்து வருடம் இருந்துவிட்டான், ஆட்சியுரிமை கேட்பான்’ என்பதே அவ்வச்சம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் கேட்பது உரிமையாளருக்கு எதிரான பத்தாண்டு உடைமையை. வாடகைக்கு வந்தவர் உரிமையாளரின் அனுமதியுடன் இருப்பவர். எத்தனை ஆண்டாயினும் அந்த இருப்பு மட்டும் அவருக்கு உரித்தைத் தராது. ஆனால் வாடகைக்கே வந்தார் என்பதை எதைக்கொண்டு நிறுவுவது? பற்றுச்சீட்டின் அடிக்கட்டையும் வங்கிக் கணக்கும் அல்லவா அதற்குச் சான்று! யுத்த காலத்தில் ஊரைவிட்டோடிய பலரிடம் அதுவும் இல்லை. பயங்கரவாதச் செயல்களால் தமது சொத்துக்குரிய உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தோர்க்காக 2016ஆம் ஆண்டில் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட வேண்டியிருந்ததே இழப்பின் அளவுக்குச் சாட்சி. கடல் கடந்து வாழ்வோர் உறவினரை வாய்ச்சொல்லால் அமர்த்தாது, அற்றோணித் தத்துவத்தை முறைப்படி எழுதிப் பதிவுசெய்து கொடுத்தல் வேண்டும். சித்தப்பாவின் நல்லெண்ணம் நீதிமன்றத்தில் ஆவணமாகாது.

கமக்காரப் பெருமக்களுக்கும் ஒரு சொல். வீட்டுக்குரிய விதி வயலுக்குப் பொருந்தாது. பிலிப் குணவர்த்தனா விவசாய அமைச்சராயிருந்தபோது வந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டந்தொட்டு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம்வரை, நெற்காணியைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்யும் கமக்காரருக்குத் தனிப் பாதுகாப்பு வகுக்கப்பட்டுள்ளது. குத்தகை நெல் அளக்கவில்லை என்பதற்காக வரம்பை வெட்டி வேறொருவரை ஏரிறக்கும் காணிக்காரர் சட்டத்துக்கு மாறாக நடப்பவராவர். கமநல சேவை நிலையத்திலே முறையிட்டு, அத்திணைக்கள வழியாக நடப்பதே முறை. புகையிலைத் தோட்டத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் நெற்காணியின் பாதுகாப்பு இல்லை என்பதையும் இருதரத்தாரும் மனங்கொள்ளல் வேண்டும்.

குடியிருப்பாளருக்கும் கூறுவோம். கையில் உள்ளதைக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடாயின், வீட்டுக்காரர் வாங்க மறுக்கும் வாடகையை அதிகாரமளிக்கப்பட்டவரிடம் செலுத்தும் வழியை அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு தருகின்றது. பாக்கி வைத்துவிட்டு ஒளிந்து திரிவதால் வீடும் போகும், பெயரும் போகும்.

இத்தனையும் கூறியபின் அரசாங்கத்தை நோக்கி ஒரு கேள்வி கேளாதிருக்க முடியவில்லை. பூட்டை மாற்றாதே, நீதிமன்றம் போ என்கின்றோம். நீதிமன்றம் போனவருக்கு நீதி எப்போது கிடைக்கின்றது? மாவட்ட நீதிமன்றம், மாகாண மேல் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று ஒரு வாடகை வழக்கு ஏறி இறங்குவதற்குள் வழக்காளி கண்மூடிவிடுகின்றார். சட்டத்தை மதித்தவன் இழக்கவும், மீறியவன் பெறவும் நேர்ந்தால், மக்கள் எதைக் கற்பர்? இக்குறையை உணர்ந்தே குத்தகைக்கு விடப்பட்ட வளவுகளின் உடைமையை விரைந்து மீட்பதற்கென 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பத்திரங்கள் ஒழுங்காயிருப்பின் நீதிமன்றம் முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பாணை விடுத்து, குத்தகைக்காரரைக் காரணங்காட்ட அழைக்கும் முறை அது. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒழுங்கான பத்திரம் உடையோர்க்கே அவ்விரைவு. வாய்ப்பேச்சில் வீடு விட்ட ஏழை விதவைக்கு அது எட்டாக்கனி.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. வாடகை வழக்குகளுக்கென மாவட்ட நீதிமன்றங்களிற் போதிய நீதிபதிகளும் தனி நாட்களும் ஒதுக்கப்படல் வேண்டும். எளிய தமிழில் அமைந்த வாடகை ஒப்பந்த மாதிரியும் பற்றுச்சீட்டு மாதிரியும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கிடைக்கச் செய்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களின் மொழியாகத் தமிழை ஏற்றது. ஆனால் வெள்ளவத்தையில் வாழும் தமிழ் வீட்டுக்காரரும் தமிழ்க் குடியிருப்பாளரும் சிங்கள மொழி வழக்கிலேயே நிற்கின்றனர். மொழிபெயர்ப்பு அவர்களுக்குச் சட்டம் தந்த உரிமை. அது தயவாகக் கெஞ்சிப் பெறவேண்டிய பொருளாயிருத்தல் தகாது.

வீட்டுக்காரரின் வலிமை பூட்டில் இல்லை. அவர் பேணிய பத்திரத்திலும் காலத்திற் கொடுத்த அறிவித்தலிலும் இருக்கின்றது. இன்றே ஒப்பந்தத்தை எழுதுங்கள். இன்றே பற்றுச்சீட்டைக் கொடுங்கள். சட்டத்தை நம்பி வருபவனுக்குக் காலத்தில் நீதி வழங்கும் கடமை ஆட்சியாளருடையது. அக்கடமையை அவர்கள் செய்யத் தவறின், ஒழுங்கையில் எறியப்படும் ஒவ்வொரு பெட்டிக்கும் அவர்களும் பொறுப்பாளிகளாவர்.