ஊட்டிக்கு பஸ் வேண்டாம், ஆழ்வார்திருநகரிக்கு சைக்கிள் போதும்!



நம்ம பாளையங்கோட்டைக்கு 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பேச்சுப்போட்டி மேடையில் ஏறுகிற யாரும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஆனால் அந்த அசல் ஆக்ஸ்போர்டில் மாணவர்களும் பேராசிரியர்களும் சைக்கிள் மிதித்துத்தான் வகுப்புக்குப் போவார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டத்தை எடுத்துக்கிட்டோம். சைக்கிளை விட்டுட்டோம்!

நான் சொல்ல வருவது இதுதான். பள்ளிச் சுற்றுலா என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்று பஸ் பிடிப்பதை ஒரு வருஷம் நிறுத்தி வைப்போம். அதற்குப் பதில் நம்ம தாமிரபரணிக் கரையோரம் சைக்கிளில் போவோம். சிரிக்காதீங்க, காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் காரணம், பணம். சுற்றுலா அறிவிப்பு வந்ததும் வகுப்பில் நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாதிப் பேர் பெயர் கொடுப்பார்கள். மீதிப் பேரில் ஒருத்தன் "எனக்கு பஸ்னா வாந்தி வரும்" என்பான். ஒருத்தி "எங்க அக்கா வீட்டு விசேஷம்" என்பாள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டோம். சுற்றுலா முடிந்து வந்த பிறகு ஒரு வாரம் போட்டோவைக் காட்டி நாம் பேசுகிற பேச்சு, வராதவங்க காதில் எப்படி விழும்? ஒரே வகுப்பை இரண்டாகப் பிரிக்கிற சுற்றுலா எதுக்கு? சைக்கிளில் போனால் டீசல் செலவு இல்லை, லாட்ஜ் வாடகை இல்லை. வீட்டில் கட்டிய புளியோதரைப் பொட்டலம் போதும். எல்லோரும் வரலாம்.

சைக்கிளுக்கு எங்கே போவது என்கிறீர்களா? 2001-02-ஆம் ஆண்டில் மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. அந்தச் சைக்கிள்களில் சில திண்ணையில் துரு ஏறி நிற்கின்றன. சில மாமாவோ சித்தப்பாவோ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிற சைக்கிளாகி விட்டன. ஒரு நாள் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வெளியே எடுத்தால் என்ன?

வெளிநாட்டில் இதை எவ்வளவு பெருமையாகச் செய்கிறார்கள் பாருங்கள். பிரான்ஸ் நாட்டில் அல்சாஸ் என்ற பகுதியில் மலைச்சரிவு முழுக்க திராட்சைத் தோட்டம். நடுநடுவே பழங்காலத்துக் கிராமங்கள். அவற்றை இணைத்து சுமார் 170 கிலோமீட்டருக்கு ஒரு சுற்றுலாச் சாலையை 1953-லேயே அறிவித்தார்கள். உலகம் முழுவதும் இருந்து வருகிறவர்கள் அங்கே சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறார்கள். இத்தாலியில் கியாண்டி என்ற திராட்சை மலைநாட்டில் 1997-ல் இருந்து 'எரோயிக்கா' என்று ஒரு சைக்கிள் பயணம் நடக்கிறது. அதில் ஒரு வேடிக்கை, 1987-க்கு முன்னால் செய்த பழைய மாதிரி சைக்கிளில்தான் வரணும்! மண் ரோட்டில் மேடு ஏறி, கிராமத்தில் இறங்கி, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி மிதிக்கிறார்கள். நம்ம தாத்தா வைத்திருக்கிற கம்பி பிரேக் சைக்கிளைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்கள் அதைத் தேடிப் பிடித்துத் துடைத்து வைக்கிறார்கள்.

நம்ம பக்கம் திராட்சைத் தோட்டம் இல்லைதான். ஆனால் அதைவிட என்ன குறைச்சல்? மேற்கே பொதிகை மலை. அங்கே பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிற ஆறு. இரண்டு பக்கமும் வயல், வாழை. கிழக்கே போகப் போகப் பனை. எட்டு அணைக்கட்டுகள். அதில் ஏழு வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கட்டியவை. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும்தான் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது.

கிழக்கே திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்தால் சுமார் 10 கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குறவனின் உடம்பில் நரம்பு புடைத்திருப்பதைக் கல்லில் பார்க்கலாம். அப்புறம் செய்துங்கநல்லூர், கருங்குளம். கருங்குளத்தில் சின்ன மலை மேல் கோயில். ஏறி நின்றால் ஆறும் வயலும் ஒரே பச்சையாகத் தெரியும்.

அடுத்தது ஆதிச்சநல்லூர். சமூக அறிவியலில் மதிப்பெண்ணுக்காகப் படித்த ஊர்! 114 ஏக்கர் பரம்பு, மண்ணுக்குள்ளே முதுமக்கள் தாழிகள். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. பிறகு அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2023-ல்தான் தோண்டிய குழியை அப்படியே மேலே நின்று பார்க்கிற மாதிரி அந்த இடத்திலேயே காட்சிக்கூடம் வந்தது. ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீவைகுண்டம். அதற்குப் பக்கத்தில் சிவகளை. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல் உமி சுமார் 3200 வருஷம் பழையது என்று 2021-ல் அறிவித்தார்கள். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. அந்த இடத்தை முதலில் கவனித்து வெளியே சொன்னவர் யார் தெரியுமா? ஸ்ரீவைகுண்டத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர்! பஸ் ஜன்னலில் தூங்கிக்கொண்டு போகிறவன் கண்ணில் பானை ஓடு படாது. மெதுவாகப் போகிறவன் கண்ணில்தான் படும்.

மேற்கே போனாலும் இதே கதைதான். கோரைப்புல்லில் பட்டு மாதிரி பாய் நெய்யும் பத்தமடை. அந்தப் பாய்க்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்பளத்துக்குப் பேர் போன கல்லிடைக்குறிச்சி. கடைசியில் பாபநாசம். அதற்கு மேலே காடும் புலிகள் காப்பகமும். அங்கே நாம் சைக்கிளைத் திருப்பிவிட வேண்டியதுதான்.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

"ரோட்டில் லாரியும் பஸ்ஸும் பறக்குது, யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. அதனால்தான் தனித்தனியாகப் போகச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு, வரிசையாக. முன்னால் ஒரு ஆசிரியர், பின்னால் ஒரு ஆசிரியர். கடைசியில் ஒரு லோடு ஆட்டோ. தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சாமான் எல்லாம் அதில் வரும். மிதிக்க முடியாதவர்களும், உடம்புக்கு ஆகாதவர்களும் அதில் ஏறிக்கொள்ளலாம். போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடலாம்.

"வெயில் மண்டையைப் பிளக்குமே!" சித்திரையில் போனால் பிளக்கும்தான். தை மாதம் போவோம். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், பிசானம் நெல் விளைந்து நிற்கும். பதநீர் வேண்டும் என்கிறவர்கள் பரீட்சை முடிந்ததும் இன்னொரு முறை போய்க்கொள்ளுங்கள்!

"பொம்பளப் பிள்ளைகளை எப்படி அனுப்புறது?" இதைக் கேட்கிற பெரியவர்களுக்கு ஒன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்களும் வயலில் வேலை செய்கிறவர்களும் அதில் இருந்தார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பினார்கள். அது நடந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. டியூஷனுக்கு சைக்கிளில் போகலாம், கிருஷ்ணாபுரத்துக்குப் போகக் கூடாதா?

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். எடுத்த எடுப்பில் ஆழ்வார்திருநகரி வரை வேண்டாம். முதலில் இருபது பேர், கிருஷ்ணாபுரம் மட்டும். போக வர சுமார் 20 கிலோமீட்டர், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம். ஒழுங்காகப் போய் வந்தால் அடுத்தது ஆதிச்சநல்லூர். அதுவும் நல்லபடியாக முடிந்தால் நம்மாழ்வார் ஊர் வரை. போய் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி இதே சுவரில் ஒட்டுவோம்.

ஊட்டி எங்கேயும் ஓடிப்போகாது, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பிறகும் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் முடிந்தால் இந்த வகுப்பு மொத்தமும் ஒன்றாகச் சேர்வது நடக்காது. ஒருத்தர்கூட விடுபடாமல் போகிற ஒரு சுற்றுலா இந்த வருஷம் வேண்டும்.

பெயர் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதவும். சைக்கிளுக்குக் காற்றடித்து வைக்கவும்!

- பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு