மின்விசிறியைத் துடைப்பது யார்?

ஆயுத பூசைக்கு முந்திய நாளில் நம் ஊர் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். இல்லத்தரசி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆடுகின்ற ஸ்டூலின் மீதேறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருப்பார். கணவர் கீழே அமர்ந்து புத்தகங்களை அடுக்கி, அவற்றுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார். நாமும் அவ்வாறு பொட்டு வைத்து வந்தவர்களே. சென்ற ஆண்டு அந்த ஸ்டூல் சரிந்தது. நம் துணைவியாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆண்டு முழுவதும் காற்று வாங்கிய கருவியை ஒரு நாளேனும் அண்ணாந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

மின்விசிறியைத் தூய்மை செய்வது உண்மையில் கடினமான வேலையன்று. ஆண்டுக்கொரு முறை என்று ஒதுக்கி, அதையும் ஒருவர் தலையிலேயே கட்டிவிடுவதால்தான் அது கடினமாகிறது, ஆபத்தும் ஆகிறது. மாதம் ஒரு முறை, காற்று வாங்குவோர் அனைவரும் முறைவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது என்பதே நம் கருத்து.

ஓயாமல் சுழலும் இறக்கையில் தூசு எப்படித் தங்குகிறது என்று வியப்போர் உண்டு. இறக்கை எவ்வளவு விரைந்து சுழன்றாலும், அதன் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம் இறக்கையோடு சேர்ந்தே நகர்கிறது. இவ்வுண்மையை ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில் 1904-ஆம் ஆண்டு விளக்கினார். அப்படலத்துள் அகப்பட்ட நுண்தூசை வெளிக்காற்று அடித்துச் செல்வதில்லை. காற்றைக் கிழித்து முன்செல்லும் விளிம்பில்தான் அழுக்கு தடித்துப் படிகிறது. தொடக்கத்தில் இது உலர்ந்த தூசு. துணி பட்டாலே வந்துவிடும். தாளிக்கும் புகையும் காற்றின் ஈரமும் சேரச் சேரப் பிசுக்காகி இறுகுகிறது. மாதம் ஒரு முறை என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய தலையணை உறை ஒன்று, கிழிந்த வேட்டித் துண்டுகள் மூன்று, அரை வாளித் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சோப்புத்தூள், பழைய செய்தித்தாள் ஆகியன போதும். முதலில் சுவிட்சை அணைத்து, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். ரெகுலேட்டரைச் சுழியத்தில் வைத்தால் போதும் என்று எண்ணுவது தவறு. விசிறி முற்றிலும் நின்ற பிறகு, நேர் கீழே செய்தித்தாளை விரித்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஏறலாம். ஆடாத ஏணியோ உறுதியான மேசையோ வேண்டும். கீழே ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நாம் செய்திருந்தால் சென்ற ஆண்டு அந்த மாவுக்கட்டு நேர்ந்திராது.

நம் வீடுகளில் பெரும்பாலும் தொங்குவது 1200 மில்லிமீட்டர் விசிறி. அதன் இறக்கை ஏறத்தாழ அரை மீட்டர் நீளம். தலையணை உறைக்குள் அடங்கிவிடும். உறையை இறக்கை முழுவதும் மாட்டி, இருபுறமும் அழுத்தியபடி மெல்ல வெளியே இழுத்தால் தூசெல்லாம் உறைக்குள்ளேயே விழும். கண்ணிலும் கட்டிலிலும் கொட்டாது. பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். பிசுக்கு விடாவிட்டால் இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்துக்கொள்ளலாம். அடுத்து வெறுந்தண்ணீர்த் துணி, இறுதியில் உலர்ந்த துணி. வெறுந்தண்ணீரால் துடைக்காமல் விட்டால் சோடா வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஒரு கையால் இறக்கையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் துடைப்பது நன்று. அழுத்தினால் இறக்கை வளையும். வளைந்த விசிறி ஆட்டம் காணும். நடுவிலுள்ள மோட்டாரை உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்கலாம். அதன்மேல் தண்ணீர் படலாகாது. இத்தனைக்கும் பிறகு வேகம் கூடவில்லையெனில் பழுது பெரும்பாலும் கண்டன்சரில் இருக்கும். அது எலக்ட்ரீஷியனின் வேலை.

இனி, நம் தொழில் தொடர்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புறநானூற்றின் 50-ஆம் பாட்டை 18 ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். முரசு கட்டிலில் அறியாது உறங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரை வாளால் வெட்டாமல், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி வீசி நின்றதைப் பாராட்டும் பாட்டு அது. அரசன் புலவனுக்கு விசிறினான் என்று உருகி உருகிச் சொல்லியிருக்கிறோம். ஆனால் அன்று கட்டில் வெறுமையாக இருந்தது ஏன்? முரசத்தை நீராட்டக் கொண்டு சென்றிருந்தார்கள். அதைச் சுமந்து சென்று கழுவியவர் யாரென்று பாட்டில் இல்லை. நாமும் ஒரு முறையேனும் மாணவர்களிடம் அதைக் கேட்டதில்லை. விசிறியவனின் பெருமையைப் பேசிவிட்டு வீடு திரும்பி, பிறர் துடைத்த விசிறியின் கீழ் அமர்ந்து விடைத்தாள் திருத்தியிருக்கிறோம்.

மாவுக்கட்டுப் போட்டிருந்த நாட்களில்தான் முதன்முறையாக நாம் ஏணியில் ஏறினோம். “வேணாங்க, நீங்க விழுந்து வைக்கப் போறீங்க” என்று துணைவியார் தடுத்தார். அத்தனை ஆண்டுகளில் அவரிடம் அந்தச் சொல்லை நாம் ஒரு முறையும் சொன்னதில்லை. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு நமக்கும் மகனுக்கும் உரியது. ஒருவர் ஏற, மற்றவர் ஏணியைப் பிடித்துக்கொள்கிறோம். மூன்று அறைகளுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகிறது. துணைவியார் கீழிருந்து, “ஓரத்துல விட்டுட்டீங்க பாருங்க” என்கிறார். அண்ணாந்து பார்த்தால், ஆம், விட்டுத்தான் இருக்கிறோம்.