வாசலோடு நிற்கும் கதகதப்பு

ஏறக்குறைய ஒவ்வொரு ஜனவரியிலும் தில்லி நாளிதழ்களில் ஒரே மாதிரியான செய்தி வருகிறது. அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை. 2024 ஜனவரி நடுவில், அலிப்பூர் பகுதியில் இரண்டு குழந்தைகள் உள்பட ஒரே குடும்பத்தினர் நால்வர் இப்படித்தான் இறந்தனர். கரி அரைகுறையாக எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தூங்குபவருக்கு ஆபத்து வந்ததே தெரிவதில்லை. அறியாமையால் நேர்ந்த விபத்து என்று இதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால், கதவைத் திறந்தால் குளிர், மூடினால் நச்சு என்ற இரண்டே வழிகளுடன் ஒரு குடும்பத்தை நிறுத்திய பிறகு, பழியை அறியாமையின் மேல் மட்டும் போடுவது நியாயமல்ல.

தில்லிக் குளிரின் கடுமை தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. 2021 புத்தாண்டு நாளின் அதிகாலையில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. 2019 டிசம்பர் 30 அன்று பகல்பொழுதின் உச்ச வெப்பமே 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரிக்கு இறங்கினால் 'குளிர் அலை' என்று வானிலை ஆய்வுத் துறை அறிவிக்கும். அப்போதுதான் அரசு இயந்திரமும் விழித்துக்கொள்ளும். உயிரிழப்பின் கணக்கோ வேறு விதமாக இருக்கிறது. 2001 முதல் 2013 வரை இந்தியாவில் நிகழ்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகளை ஆராய்ந்து 2018-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு, கடுங்குளிரைவிட மிதமான குளிரே பல மடங்கு உயிர்களைப் பறிப்பதாகக் காட்டியது. பக்கவாதம், மாரடைப்பு, மூச்சு நோய் என்ற பெயர்களில் வரும் மரணங்கள் இவை. குளிர் என்ற சொல் இறப்புச் சான்றிதழில் இருப்பதில்லை. தலைப்புச் செய்தியாகும் நான்கு நாள்களை மட்டும் சமாளித்தால் போதாது. செய்தியாகாத அறுபது நாள்களையும் கடக்க வழி வேண்டும்.

இலவச மின்சாரம் இருக்கிறதே, ஹீட்டர் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்று இரவில் ஏழு மணி நேரம் ஓடினால் ஏழு யூனிட். மாதத்துக்கு 210 யூனிட். தில்லியில் மாதம் 200 யூனிட் வரைதான் இலவசம். அதைத் தாண்டினால் 400 யூனிட் வரை பாதிக் கட்டணச் சலுகை, அதுவும் 800 ரூபாய் வரம்புக்குள். விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி எதையும் சேர்க்காமலேயே ஒரே ஹீட்டர் அந்த இலவச வரம்பை உடைத்துவிடுகிறது. வீட்டு உரிமையாளரின் துணை மீட்டரிலிருந்து மின்சாரம் எடுத்து, யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலையைக் கொடுக்கும் வாடகைக் குடித்தனக்காரருக்கு இந்தச் சலுகை பல வேளைகளில் கைக்கே வருவதில்லை. இத்தனைக்குப் பிறகும் அறை சூடாகிறதா? ஒற்றைச் செங்கல் சுவர், மேலே வெறும் கான்கிரீட் தளம் அல்லது தகரம், ஜன்னல் சட்டத்தில் விரல்கடை இடைவெளி. ஹீட்டர் தரும் வெப்பத்தில் பெரும்பங்கு இவற்றின் வழியாக வெளியே போய்விடுகிறது.

ஆகவே அறையைச் சூடாக்கும் முயற்சியை விட்டுவிட்டு, ஆளைச் சூடாக வைப்பதே மலிவான வழி. தூங்கும் மனித உடலே ஏறத்தாழ 80 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதைத் தப்பவிடாமல் பிடித்துவைத்தால் போதும். ரஜாய் எனப்படும் வடஇந்தியாவின் பஞ்சுப் போர்வை செய்வது அதைத்தான். பஞ்சு இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் காப்பு. பஞ்சு அந்தக் காற்றுக்கான கூடு. இரண்டு மூன்று பருவம் போர்த்திய ரஜாயில் பஞ்சு கட்டிகட்டியாக இறுகி, ஓரங்களில் ஒதுங்கி, நடுவில் வெறும் துணி மட்டும் மிஞ்சும். எடை குறையாது, சூடு நிற்காது. அதனால்தான் குளிர் தொடங்குமுன் பழைய ரஜாயைப் பிரித்து, பஞ்சைக் கொட்டிப் பொங்கவைத்து, மறுபடி உறைக்குள் பரப்பி, பஞ்சு நகராதபடி தைத்துத் தருவார்கள். முன்பு வில்லால் கொட்டிய பஞ்சை இப்போது இயந்திரம் கொட்டுகிறது. புதிதாக ஒன்று வாங்குவதைவிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும், கீழே ஒரு மெல்லிய விரிப்பு மட்டும் இருந்தால் உடம்பின் சூட்டைத் தரை உறிஞ்சிக்கொள்ளும். வடக்கின் கிராமங்களில் படுக்கைக்கு அடியில் வைக்கோல் பரப்புவதற்கும், தில்லி நடைபாதையில் படுப்பவர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொள்வதற்கும் காரணம் இதுவே. ஒன்றரை லிட்டர் தண்ணீரைப் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவரப் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம்கூட முழுதாகச் செலவாகாது. அதை ரப்பர் பையில் அடைத்துக் காலடியில் வைத்தால் ரஜாய்க்குள் நெடுநேரம் சூடு நிற்கும். மின் போர்வை சுமார் 60 முதல் 100 வாட்தான் இழுக்கும். ஹீட்டரின் செலவில் பத்தில் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

அரசு இந்தக் கணக்கைப் பாதிதான் போட்டிருக்கிறது. காற்று மாசு கூடும்போது அமலாகும் 'கிராப்' செயல்திட்டம், திறந்தவெளியில் விறகும் குப்பையும் எரிப்பதைத் தடுக்கிறது. காவலாளிகள் தீ மூட்டாமல் இருக்க, குடியிருப்போர் சங்கங்கள் அவர்களுக்கு மின் ஹீட்டர் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதி. தடையோடு மாற்றையும் சேர்த்துச் சொன்னதற்காக அதைப் பாராட்ட வேண்டும். ஆனால், அது குடியிருப்பின் வாசலோடு நின்றுவிடுகிறது. பணி முடிந்து தன் ஒற்றை அறைக்குத் திரும்பும் அதே காவலாளிக்கு அங்கே என்ன இருக்கிறது? வாசலில் அணைக்கப்பட்ட தீ, பூட்டிய அறைக்குள் மூட்டப்பட்டால் நகரத்தின் காற்று சற்றே தேறலாம். அவருடைய பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து கூடுகிறது.

கம்பளி விநியோகம்தான் நடக்கிறதே என்பது அடுத்த வாதம். பக்கத்திலுள்ள பானிப்பட்டில் பழைய துணிகளைக் கிழித்து நூலாக்கி நெய்யும் மலிவான போர்வைகள், நிவாரணப் பணிகளில் நெடுங்காலமாக ஏராளமானோருக்குக் கைகொடுத்திருக்கின்றன. அந்தத் தொண்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குளிர் உச்சத்தில் இருக்கும்போது ஆளுக்கு ஒரு போர்வை என்பது, நவம்பரிலேயே கீழே விரிக்க ஒன்றும் மேலே போர்த்த ஒன்றும் தருவதற்கு ஈடாகாது. வீடற்றவர்களுக்கு அதுவும் போதாது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் நிரந்தர விடுதி வேண்டும் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவுகோல். இருக்கும் விடுதிகளும் தாமாக வந்துவிடவில்லை. 2009 டிசம்பரில் பூசா சாலையில் இரவுக் குடில் ஒன்று இடிக்கப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் தில்லியில் இரவுக் குடில்கள் பெருகின.

இரண்டு மாதக் குளிருக்காக வீடுகளை மாற்றிக் கட்ட முடியுமா என்ற ஐயம் எல்லாவற்றையும்விட வலுவானது. குளிருக்காக மட்டும் என்றால் கட்டுப்படியாகாதுதான். ஆனால் ஜனவரியில் சூட்டை வெளியே விடும் அதே தளம்தான் மே மாதத்தில் வெயிலை உள்ளே விடுகிறது. 2018-இல் வந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் எவ்வளவு கடக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்காக வகுக்கப்பட்டது. காவலாளியும் வீட்டு வேலை செய்பவரும் வாழும் சந்துகளை அது தொடுவதே இல்லை. அரசு கட்டித்தரும் மறுகுடியமர்வு வீடுகளின் மேல்தளங்களிலாவது வெப்பக் காப்பைக் கட்டாயமாக்குவது இரு பருவங்களுக்கும் உதவும்.

அதற்குக் காலம் பிடிக்கும். ரஜாய்க்குக் காலம் பிடிக்காது. தில்லியில் குடியிருப்போர் சங்கங்களில் பொறுப்பு வகிக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலுக்கு ஹீட்டர் வாங்கத் தீர்மானம் போடும்போதே, ஒவ்வொரு காவலாளியின் வீட்டுக்கும் பஞ்சு கொட்டிய ரஜாய், கனமான கீழ்விரிப்பு, வெந்நீர்ப் பை ஆகியவற்றுக்கும் சேர்த்துத் தொகை ஒதுக்குங்கள். தீபாவளிப் படியோடு, குளிருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.