மரணப் பதிவேட்டில் எழுதப்படாத வரி

நயினாதீவில் வாழ்ந்த என் பூட்டனாரின் பெற்றோர் பெயர்களை அவரது மரணச் சான்றிதழில்தான் கண்டுபிடித்தேன். தொழில், மரணத்துக்கான காரணம், தகவல் கொடுத்தவரின் உறவுமுறை எல்லாம் ஒரே தாளில் இருந்தன. இலங்கையில் 1867இல் தொடங்கிய இறப்புப் பதிவு, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை இப்படி இணைத்துவிடுகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு மாற்றாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழைத் தந்தது. காணி, வங்கி அலுவல்களுக்கு அவை உதவும். ஆனால் எங்கே, எப்படி, யாரால் என்பதை அவை சொல்லா. அந்த வரிக்காகத்தான் தாய்மார் இன்னும் வீதியில் இருக்கிறார்கள்.