நோயாளியின் அருகே

நோயுற்றோரைக் கண்டு நலம் உசாவுதல் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஆயினும் அக்கடமையின் உட்பொருளை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே என் கருத்து. பழப்பையும் ஆறுதல் மொழியும் சுமந்து சென்று, நோயாளிக்கு எதையோ கொடுத்துவிட்டு வருவதாகவே நினைக்கின்றோம்.

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் நபிமொழி இதனை வேறு விதமாகக் காட்டுகிறது. மறுமை நாளில் இறைவன், தான் நோயுற்றிருந்தபோது காண வராதது ஏன் என மனிதனை வினவுவான். அவன் திகைத்து நிற்க, நோயுற்ற இன்ன அடியானிடம் சென்றிருந்தால் அவனருகே தன்னைக் கண்டிருக்கலாம் என்று உணர்த்துவான். 'அவனருகே' என்பதே இங்குக் கருதத் தக்கது. நாம் எடுத்துச் செல்வதற்கு முன்பே ஆறுதல் அங்கே இருக்கிறது. இதற்குச் சமய எல்லையும் இல்லை. தமக்குப் பணிசெய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நேரில் சென்று கண்டமை ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது.

சங்கரன்கோவிலில் என் நண்பர் ஒருவர் புற்றுநோயால் படுத்திருக்கிறார். என்னுடன் எம்.ஃபில். பயின்றவர், சைவர். அவர் நெற்றியில் கோமதியம்மன் சன்னிதிப் புற்றுமண் இருக்கும். அவருடைய தாயார் இட்டது. நான் அருகமர்ந்து மனத்துள் துஆ ஓதுவேன். அரியும் சிவனும் ஓருருவாய் நிற்கும் ஊரில் இஃது எவர்க்கும் வியப்பன்று. வருவோரெல்லாம் ஸ்கேன் அறிக்கையைக் கேட்கின்றனர். கேரளத்து வைத்தியர் முகவரி தருவோரும் உண்டு. (நம்மவர்க்குப் பிறர் நோயென்றால் மருத்துவம் தானாக வந்துவிடும்!)

"வாரும் பாய், நீராவது வேறு ஏதும் பேசும்" என்றார் ஒருநாள். சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தை எடுத்தோம். பாலை நிலமாகிய அரபு நாட்டில் உமறுப்புலவர் தமிழகத்து மருத வளத்தைப் பாய்ச்சிய அழகைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் முகத்தில் அச்சத்தைத் தேடிச் சென்ற எனக்கு அங்கே தென்பட்டது அமைதி. எந்தச் சொற்பொழிவும் தராத இறைநம்பிக்கையை அந்த அரைமணி நேரம் எனக்குத் தந்தது.

கணிதமேதை இராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது பேராசிரியர் ஹார்டி காணச் சென்ற நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. பேச வேறொன்றும் தோன்றாமல், தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 சுவையற்றது என்றாராம். இரு கன எண்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று படுக்கையிலிருந்தவாறே விளக்கினார் இராமானுஜன். பெற்றுத் திரும்பியவர் பார்க்கச் சென்றவரே.

மருந்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், உடனிருந்து பேணுபவனையும் ஒரு கூறாக வைத்தார். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண, நோய்த்தணிப்புச் சங்கத்தின் வழியே வளர்ந்த இயக்கம் மலப்புரத்தில் அயலார் இயக்கமாகவே விரிந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று தீராநோயாளரைக் காண்கின்றனர். மாணவரும் அதில் உளர். தமிழகத்திலும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடிச் செல்லும் நோய்த்தணிப்புச் சேவை உண்டு. செவிலியர் புண்ணுக்குக் கட்டுப் போடுவார்; உடன் அமர்ந்து கதை கேட்க அவருக்கு நேரம் ஏது?

அந்த நேரம் நம் மாணவரிடம் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலையோரம் வெள்ளையடிப்பதற்கு ஒதுக்கும் நாள்களுள் சிலவற்றை இதற்குத் தரலாம். ஜமாஅத் பெரியோர் தம் தெருவில் படுக்கையில் கிடப்போர் எவரெவர் என்று எம்மதத்தாராயினும் பட்டியல் தந்தால், அடுத்த கல்வியாண்டிலேயே தமிழ்த்துறை முதலில் புறப்படும்.